தொண்டை அடைத்த நாளில் மாரியம்மனோடு போட்ட சண்டை

என் தொண்டை உள்ளேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வந்தது. மூச்சை இழுத்தால் விசில் அடிப்பது போல ஒரு சத்தம். எச்சிலை விழுங்க முடியவில்லை. அது வாயோரமாக வழிந்து சேலையை நனைத்தது. துப்பினால் கரியாக வந்தது. தோட்டத்துக் குடியிருப்பான லயத்து வாசலில் உட்கார்ந்து முன்னால் குனிந்தபடி ஒவ்வொரு மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தேன். சுற்றி நின்றவர்களின் முகத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தது. "பொழுது சாயறவரைக்கும் தாங்க மாட்டா" என்று யாரோ பின்னால் சொன்னது காதில் விழுந்தது.

தாய்மார்களே, அப்போது எனக்குப் பயத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தை என் ஆத்தாள் மாரியம்மன் எப்படி ஏற்றுக்கொண்டாள் என்பதைத்தான் உங்களிடம் சொல்லப்போகிறேன்.

என் பெயர் காத்தாயி. கெடாவில், திகாம் பத்துவைத் தாண்டி குரூண் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். நான் சொல்வது ஜப்பான்காரன் ஆண்ட காலம். அவன் வந்து இரண்டாவது வருஷம். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய்விட்டார். அரிசி கண்ணில் படுவதில்லை. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். உடுத்த துணி இல்லாமல் சாக்கைத் தைத்துக் கட்டியவர்கள் எங்கள் லயத்திலேயே இருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் முனியனைச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். ரயில் தண்டவாளம் போடுகிற வேலை, சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் லோரியில் ஏற்றினார்கள். தோட்டத்தில் மருந்து கொடுத்துவந்த டிரெஸரையும் அதே லோரியில் ஏற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் ஆஸ்பத்திரிக் கொட்டகை பூட்டியே கிடந்தது. காய்ச்சல் வந்தாலும் பாம்பு கடித்தாலும் திருநீறு ஒன்றுதான் மருந்து.

எனக்கு அப்போது மிஞ்சியிருந்தவர்கள் இரண்டு பேர். ஒன்று என் மகள் பாக்கியம். நடக்கப் பழகி, பேச்சு வராத வயது. இன்னொன்று என் நாத்தனார் வள்ளியக்கா. முனியனின் அக்காள். புருஷனை இழந்தவள். நாங்கள் மூவரும் ஒரே அடுப்பில் கிழங்கு அவித்துத் தின்றோம்.

ரப்பரை வாங்க ஆளில்லாததால் பால் வெட்டுவது ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. ஜப்பான்காரனுக்குப் பெட்ரோல் வேண்டும். அதனால் பழைய ரப்பர் ஷீட்டையும் மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலையும் காய்ச்சி எண்ணெய் எடுக்கச் சொன்னான். தோட்டத்து ஸ்டோருக்குப் பின்னால் பெரிய இரும்பு டிரம்களை அடுப்பில் ஏற்றினார்கள். உள்ளே ரப்பரைப் போட்டு, மூடியின் விளிம்பைக் களிமண்ணால் அப்பி, கீழே தீ மூட்ட வேண்டும். உருகி எழும் ஆவி ஒரு குழாய் வழியாகத் தண்ணீர்த் தொட்டிக்குள் போய்க் குளிர்ந்து எண்ணெயாகச் சொட்டும். அந்த நாற்றம் தலைமுடியை விட்டுப் போகவே போகாது. வள்ளியக்காவையும் என்னையும் அந்த வேலையில்தான் போட்டிருந்தார்கள்.

அது மழை மாதம். களிமண் சரியாகக் காயவில்லை. மூடியோரம் வெடிப்பு விட்டிருந்ததைக் காலையில் நாங்கள் இருவருமே பார்த்தோம். வள்ளியக்கா போய்ப் பெரிய கிராணியிடம் சொன்னாள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே தோட்டத்து ஆபீசைப் பார்த்துவந்தவர் அவர். இப்போது ஜப்பான் மேனேஜருக்குப் பயந்து பயந்து பாதியாகிப் போயிருந்தார்.

"இன்னிக்கு எண்ணெய் போயாகணும்னு மேனேஜர் கத்துறான். வெடிப்புல இன்னும் கொஞ்சம் மண்ணு அப்பி ஓட்டுங்க லா" என்றார்.

அப்பினோம். வள்ளியக்கா டிரம்முக்குப் பக்கத்தில் குந்தி விறகு தள்ளிக்கொண்டிருந்தாள். நான் எதிர்ப்பக்கம் நின்றேன். மூடி ஒரு முறை நடுங்கியது. அவள் தலைக்கு நேராக மண் பெயர்ந்தது.

"அக்கா, தள்ளு!" என்று கத்திக்கொண்டே பாய்ந்து அவளைப் பிடித்துத் தள்ளினேன். அவள் உருண்டு போய் விழுந்தாள். கத்தி முடித்ததும் மூச்சை இழுப்போம் இல்லையா? அந்த மூச்சில்தான் எல்லா வினையும் வந்தது. வெடித்த மூடியிலிருந்து சீறிய ஆவி நேராக என் முகத்தில் அடித்தது. அதை வாய் நிறைய உள்ளே இழுத்துவிட்டேன்.

நெருப்பை விழுங்கியதுபோல் இருந்தது. புருவம் பொசுங்கியது. முகம் சிவந்தது. ஆனாலும் ஓடிப்போய்த் தண்ணீரை மொண்டு குடித்தேன். கொஞ்ச நேரத்தில் எரிச்சல் தணிந்தது போலத் தெரிந்தது. வள்ளியக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஒண்ணும் இல்லக்கா, பொழச்சிட்டோம்" என்று சிரித்தேன். என் பழைய குரலில் நான் சிரித்த கடைசிச் சிரிப்பு அதுதான்.

பொழுது ஏற ஏறக் குரல் கம்மியது. அடுப்பங்கரைப் புகை ஏறியதைப்போல் கரகரத்தது, பிறகு காற்றாகிப் போனது. மதியம் கிழங்கை வாயில் வைத்தேன், இறங்கவில்லை. தண்ணீரும் இறங்கவில்லை. அதற்குப் பின்தான் அந்த விசில் சத்தம் ஆரம்பித்தது. தொண்டை உள்ளே வீங்குகிறது என்று எனக்கே புரிந்தது. வெளியில் கழுத்தைத் தொட்டுப் பார்த்தால் ஒன்றுமில்லை. வீக்கமெல்லாம் காற்று போகிற வழியில்தான்.

கோயில் பண்டாரம் வந்தார். எங்கள் மாரியம்மன் கோயில் தகரம் போட்ட சின்னக் கொட்டகை; அதைப் பார்த்துக்கொள்பவர் அவர். நல்ல மனிதர்தான். என் நெற்றியில் திருநீறு பூசி, வேப்பிலையால் தடவினார்.

"ஆத்தா கோவமா இருக்கா. ஜப்பான்காரன் வந்ததுலேருந்து திருவிழா வைக்கல, கூழ் ஊத்தல. அதான் சூட்ட இவ மேல எறக்கிட்டா. பாயப் போட்டு இவளப் படுக்க வையுங்க. மஞ்சத்தண்ணி ஊத்துவோம். பெரிசா ஏதாச்சும் நேந்துக்கம்மா, காத்தாயி. தீமிதிக்கறேன்னு நேந்துக்க" என்றார்.

நாலு பெண்கள் என்னைப் பிடித்துப் படுக்க வைத்தார்கள். மல்லாந்ததும் காற்று சுத்தமாக நின்றுவிட்டது. கண் இருட்டியது. கையை உதறி ஒருத்தியை அடித்து, ஒருத்தியைக் கடித்து, புரண்டு எழுந்து முன்னால் குனிந்து உட்கார்ந்தேன். மறுபடியும் நூல் அளவு காற்று உள்ளே போனது. இனி யார் என்னைப் படுக்க வைக்க வந்தாலும் விடக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

அந்த நேரத்தில்தான் பாக்கியம் தத்தித் தத்தி நடந்துவந்து என் முழங்காலைப் பிடித்தாள். என் வாயிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுவிட்டு வீறிட்டு அழுதாள். பெற்ற பிள்ளையே என்னைப் பார்த்துப் பயந்தது.

எனக்கு வாய் பேச வரவில்லை. மனத்துக்குள்தான் பேசினேன். தகரக் கொட்டகை இருந்த பக்கம் பார்த்துக்கொண்டு, கையைக்கூடக் கூப்பாமல் பேசினேன்.

"ஏண்டி ஆத்தா, கூழ் ஊத்தலன்னா என் கழுத்த நெரிக்கற? அரிசி இல்லாத ஊர்ல உனக்குக் கூழ் எங்கேருந்து வரும்? என் புருஷன அனுப்பும்போது உன் வாசல்ல விழுந்து அழுதேன், நீ தடுக்கல. இப்ப என்னையும் எடுத்துக்கிட்டா இந்தப் பிள்ளைக்கு யாரு? நான் ஒண்ணும் நேந்துக்க மாட்டேன். தீ மிதிக்க மாட்டேன், கடா வெட்ட மாட்டேன். தீயத்தான் காலையிலயே விழுங்கிட்டேனே, அதுக்கு மேல என்ன வேணும் உனக்கு? எனக்குக் காத்து வேணும். நீ தாயின்னா குடு. குடுக்க முடியாதுன்னா தாயின்னு சொல்லிக்கிட்டு அங்க உக்காராத."

இப்படியா சாமியிடம் பேசுவது என்று உங்களில் சிலர் முகம் சுளிப்பீர்கள். சுளித்துக்கொள்ளுங்கள். அன்று எனக்கு வந்த பிரார்த்தனை அதுதான். அதை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

அதற்குப் பின் நடந்ததைச் சொல்கிறேன்.

தோட்டத்து வாசல் பக்கம் ஒரு லோரி புகையைக் கக்கிக்கொண்டு வந்து நின்றது. பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து ஓட்டுவார்களே, அந்த மாதிரி லோரி. அலோர் ஸ்டாரிலிருந்து கருவாடு ஏற்றிக்கொண்டு சுங்கை பட்டாணிக்குப் போகிற காதர் பாயின் லோரி அது. சாலையில் போகும்போது நாங்கள் பார்த்திருக்கிறோம். ஒரு நாளும் எங்கள் தோட்டத்துக்குள் வந்ததில்லை. அன்று எஞ்சின் கொதித்துப் போய்விட்டது. எங்கள் வாசலுக்கு நேராகக் கொதித்துவிட்டது. தண்ணீர் ஊற்ற வாளி கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

வள்ளியக்கா வாளியைக் கொடுக்கவில்லை. அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினாள்.

"பாய், இவள டவுன் ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ச் சேத்துருங்க. என் தம்பி பொண்டாட்டி. எனக்காகத் தொண்டைய வேக வச்சிக்கிட்டா."

காதர் பாய் என் மூச்சுச் சத்தத்தைக் கேட்டார். "யா அல்லா" என்றார். "தண்ணிய ஊத்திட்டு வர்றேன். தங்கச்சியத் தூக்கி முன்னால உக்கார வைம்மா."

அதற்குள் பெரிய கிராணி குடையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்துவிட்டார். தோட்டத்தை விட்டு வெளியே போக மேனேஜர் கையெழுத்துப் போட்ட பாஸ் வேண்டும். மேனேஜர் வெளியே போயிருந்தான்.

"பாஸ் இல்லாம ஏத்தாதீங்க பாய். மேனேஜர் வரட்டும். என் தலை போயிடும் லா!"

வள்ளியக்கா அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

"காலையில வெடிப்புன்னு வந்து சொன்னேன். மண்ணு அப்பச் சொன்ன. இப்ப அவ கழுத்துலயும் மண்ணு அப்பச் சொல்றியா? உன் தலைய நீயே பத்திரமா வச்சிக்க. நாங்க போறோம்."

கிராணி குடையை மடக்கிக்கொண்டு, எங்களைப் பார்க்காதவர் போல ஸ்டோர் பக்கம் திரும்பி நடந்தார். அவரால் முடிந்த தர்மம் அதுதான் என்று பிறகு புரிந்துகொண்டேன். பாக்கியத்தைப் பக்கத்து வீட்டுப் பாவாயி வாங்கிக்கொண்டாள்.

லோரி மேட்டில் ஏற மறுத்தது. மழை வேறு. ஒவ்வொரு குழியிலும் தூக்கிப் போட்டது. நான் முன்பலகையைப் பிடித்துக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். வள்ளியக்கா என் முதுகைத் தடவிக்கொண்டே, "சாஞ்சிக்க புள்ள, என் மேல சாஞ்சிக்க" என்றாள். நான் தலையை ஆட்டி மறுத்தேன். சாய்ந்தால் செத்துப்போவேன் என்பது அந்த லோரியில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

காதர் பாய் சாலையிலிருந்து கண் எடுக்காமல் சொன்னார்: "நான் எங்க ஆண்டவன்கிட்ட கேட்டுக்கிட்டே ஓட்டறேன். நீ உங்க ஆத்தாகிட்ட கேளு தங்கச்சி. யாரு மொதல்ல காது குடுத்தாலும் சரி."

திகாம் பத்துவில் ஜப்பான் காவல் சாவடி. எல்லா வண்டியும் நிற்க வேண்டும், எல்லாரும் இறங்கி இடுப்பு வளைய வணங்க வேண்டும். சரியாக வணங்கவில்லை என்றால் அறை விழும். வெயிலில் கல்லைத் தூக்கிக்கொண்டு நிற்க வைப்பார்கள். காதர் பாய் இறங்கி வணங்கினார். போதாது என்று ஒரு அறை வாங்கினார். மறுபடி வணங்கினார். வள்ளியக்காவும் வணங்கினாள்.

நான் இறங்கி நின்றேன். மூச்சுக்காக ஏற்கெனவே குனிந்துதான் இருந்தேன். அந்தச் சிப்பாய் என்னைப் பார்த்து ஏதோ கத்தினான். நிமிர்ந்து, மறுபடி முறையாக வணங்க வேண்டும் போலிருக்கிறது. என்னிடம் மிச்சமிருந்த காற்று கொஞ்சம்தான். அதை இவனுக்கு வணக்கம் வைக்கச் செலவழிப்பதா? வைக்க மாட்டேன் என்று தோன்றியது. தலையை மட்டும் தூக்கி அவன் கண்ணைப் பார்த்தேன். வள்ளியக்கா பதறிப்போய் இடையில் வந்து நின்றாள். அவளைத் தள்ளிவிட்டு, துப்பாக்கிக் கட்டையை என் முகவாய்க்குக் கீழே கொடுத்து நிமிர்த்தினான்.

அப்போது என் தொண்டைச் சத்தம் அவனுக்குக் கேட்டது. வாயிலிருந்து கருப்பாக வழிந்தது அவன் துப்பாக்கியில் பட்டது. அவன் சட்டென்று பின்வாங்கினான். "பியோகி! பியோகி!" என்று கத்தினான். வியாதி என்று அவர்கள் பாஷையில் சொல்வது எங்களுக்கு அப்போது தெரிந்திருந்தது. போ, போ என்று கையை வீசினான். ஒட்டுவியாதி என்று நினைத்துவிட்டான். பாஸ் கேட்கவே இல்லை.

அவனை நான் வணங்கவில்லை. அதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் நெஞ்சு நிமிர்கிறது.

சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. என் விரல் நுனியெல்லாம் நீலம். நடக்க முடியவில்லை. காதர் பாயும் வள்ளியக்காவும் உட்கார்ந்த நிலையிலேயே என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் வெளியே வந்தார். சட்டையெல்லாம் கசங்கிக் களைத்துப்போயிருந்தார். என் வாய்க்குள் பார்த்தார். கழுத்தில் காதை வைத்துக் கேட்டார்.

"எப்ப சுட்டது?"

"காலையில ஐயா" என்றாள் வள்ளியக்கா.

"இவ்வளவு நேரம் தாங்கினதே பெரிசு. உள்ளுக்க வீங்கி அடைச்சுப் போச்சு. கழுத்தில வெட்டிக் குழாய் வைக்க வேணும், இப்பவே." அப்புறம் என் முகத்தைப் பார்த்து நேராகச் சொன்னார்: "பிள்ளை, மயக்க மருந்து இல்லை. மரத்துப்போற ஊசியும் இல்லை. நீ அசைஞ்சால் என்ர கத்தி பிழையான இடத்தில போகும். விளங்குதா?"

தலையை ஆட்டினேன். அவர் மேசையில் படுக்கச் சொன்னார். முடியாது என்று கையைக் காட்டினேன். மறுபடியும் சொன்னார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவரையும் முறைத்தேன். அங்கே இருந்த மலாய் மிஸி ஒருத்தி, அதாவது நர்ஸ், டாக்டரிடம் ஏதோ சொன்னாள். "சரி. இருந்தபடியே வெட்டுவம்" என்றார்.

மிஸி என் பின்னால் ஏறி உட்கார்ந்து என் தலையைத் தன் மார்பில் சாய்த்து, முகவாயை மேலே தூக்கிப் பிடித்தாள். வள்ளியக்கா என் இரண்டு கையையும் பிடித்தாள். கத்தி தோலைத் தொட்டபோது என் உடம்பு முழுக்க ஓடு, ஓடு என்றது. நான் ஓடவில்லை. மனத்துக்குள் ஆத்தாளைத்தான் பார்த்தேன். பார், அசையாமல் இருக்கிறேன், என் பங்கை நான் செய்கிறேன், உன் பங்கைச் செய் என்றேன்.

வலியைச் சொல்லப்போவதில்லை. அதற்குப் பின் வந்ததைச் சொல்கிறேன். கழுத்தில் ஏதோ திறந்தது. பயங்கரமாக ஒரு இருமல். ரத்தம் டாக்டர் முகத்தில் தெறித்தது. அப்புறம் காற்று. வாய் வழியாகவும் இல்லை, மூக்கு வழியாகவும் இல்லை. என் கழுத்தின் வழியாக, குளிர்ந்த காற்று, மார்பு நிறைய, வயிறு நிறைய. ஆற்றில் முங்கியவள் தலையைத் தூக்கியதுபோல் இருந்தது. வள்ளியக்கா ஓவென்று அழுதாள். நான் சத்தம் இல்லாமல் அழுதேன். டாக்டர் ஒரு சின்ன வெள்ளிக் குழாயை அந்த வழியில் வைத்து நாடாவால் கழுத்தைச் சுற்றிக் கட்டினார்.

இதோடு நிறுத்திக்கொண்டால் இது நல்ல சாட்சியாக இருக்கும். ஆனால் நான் அறிந்ததை மறைத்துவிட்டுச் சாட்சி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் கத்தியும் குழாயும் வெந்நீரில் கொதிக்க வைத்துத் தயாராக இருந்தன. எனக்காக அல்ல. ஜித்ரா பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்திருந்த ஒரு மலாய்ப் பெண்ணின் பிள்ளைக்காக. தொண்டையில் சதை வளர்ந்து மூடும் நோய். அந்தப் பிள்ளைக்குக் கழுத்தை வெட்டுவதற்குள் உயிர் போய்விட்டது. நாங்கள் உள்ளே நுழையும்போது அந்தத் தாய் வராந்தாவில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதை மறுநாள்தான் மிஸி எனக்குச் சொன்னாள். எல்லாம் கொதித்துத் தயாராக இல்லாதிருந்தால் நீ பிழைத்திருக்க மாட்டாய் என்றாள்.

அந்தத் தாய் அன்றிரவு போவதற்கு முன் என் கட்டில் அருகே வந்தாள். நான் விழித்துத்தான் இருந்தேன். என் கழுத்துக் குழாயைப் பார்த்தாள். "ஹீடுப்?" என்று மிஸியிடம் கேட்டாள். உயிரோடு இருக்கிறாளா என்று அர்த்தம். "ஹீடுப்" என்றாள் மிஸி. அவள் என் காலை ஒரு முறை தொட்டுவிட்டுத் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு நடந்துபோனாள்.

அவளும் கேட்டிருப்பாள்தானே? என்னைவிடப் பணிவாகக் கேட்டிருப்பாள். அவளுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று நான் ஆத்தாளைக் கேட்டேன். இன்றுவரை எனக்குப் பதில் வரவில்லை. நான் நல்லவள் என்பதற்காக எனக்குக் கிடைத்தது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எனக்குக் கிடைத்தது. அதற்கு நன்றி சொல்கிறேன். அவளுக்குக் கிடைக்காததற்குக் கணக்குக் கேட்கிறேன். இரண்டையும் ஒரே வாயால்தான் செய்கிறேன்.

வீக்கம் வடிய நாளாயிற்று. அதுவரை எனக்குப் பேச்சு இல்லை. லயத்திலேயே பெரிய வாய்க்காரி நான். ஊமையாகக் கிடந்தேன். மிஸிதான் ஒரு வழி சொல்லிக்கொடுத்தாள். குழாயின் வாயை விரலால் மூடிக்கொண்டு பேசினால் சத்தம் வரும். வள்ளியக்கா பாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு வந்த அன்று அப்படிச் செய்து "பாக்கியம்" என்று கூப்பிட்டேன். தவளை கத்துவதுபோல் வந்தது. பிள்ளை பயப்படவில்லை. சிரித்தது. என் மேல் ஏறி அந்தக் குழாயைப் பிடித்து இழுக்கப் பார்த்தது.

தோட்டத்துக்குத் திரும்பியபோது குழாய் இன்னும் கழுத்தில்தான் இருந்தது. மறுநாள் காலை பெரட்டில், ஆள் எண்ணி வேலை பிரிக்கும் நேரத்தில், ஜப்பான் மேனேஜர் நின்றுகொண்டிருந்தான். கிராணி என் பெயரைப் படித்தார். தலையைத் தூக்காமல், "எண்ணெய் டிரம்" என்றார்.

நான் வரிசையிலிருந்து முன்னால் வந்தேன். விரலைக் கழுத்தில் வைத்தேன்.

"மாட்டேன்."

அந்தக் குரல் எனக்கே விகாரமாக இருந்தது. வள்ளியக்கா நடந்துவந்து என் பக்கத்தில் நின்றாள். "நானும் மாட்டேன்" என்றாள். பாவாயியும் வந்து நின்றாள். ஜப்பான்காரன் என் அருகே வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன். விரலை எடுக்காமல் நின்றேன். அவன் என் கழுத்தில் காற்று உள்ளே வெளியே போய் வருவதைப் பார்த்தான். முகம் கோணியது. கிராணியிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

"மூணு பேரும் கிழங்குத் தோட்டத்துக்குப் போங்க" என்றார் கிராணி. அன்று முதல் டிரம் மூடியில் அப்பிய களிமண் காய்ந்த பிறகுதான் தீ மூட்ட விட்டார்.

வெள்ளிக்கிழமை தகரக் கொட்டகைக்குப் போனேன். பண்டாரம், "நேத்திக்கடன் ஏதும் இருக்காம்மா?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்ல சாமி. சும்மா பாக்க வந்தேன்" என்றேன். கையில் பூகூட இல்லை. அவள் முன்னால் உட்கார்ந்தேன். அன்றைக்குத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்கவில்லை. தாயிடம் பால் குடித்த பிள்ளை அழுததற்கு மன்னிப்பா கேட்கும்? கழுத்தில் விரலை வைத்து, "குடுத்திட்ட ஆத்தா" என்று மட்டும் சொன்னேன். அப்புறம்தான் கைகூப்பினேன். அழுகை அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அதற்கு முன் நான் சாமி கும்பிட்டது பயத்தில். இது செய்யாவிட்டால் அது நடந்துவிடும் என்று. அந்த நாளுக்குப் பின் பயம் விட்டுப்போயிற்று. சாமியிடமும் பயமில்லை, துரையிடமும் பயமில்லை. சண்டை ஓய்ந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்தபோது அவன் முன்னாலும் நான் பழையபடி கூனிக் குறுகி நிற்கவில்லை. என் மகளையும் அப்படி நிற்க விடவில்லை.

முனியன் சயாமிலிருந்து திரும்பவில்லை. போன ஆட்களில் சிலர் எலும்பும் தோலுமாக வந்தார்கள். அவரைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. அவருக்காகவும் நான் இதே வாயால்தான் கேட்டேன், இதே கோபத்தோடு கேட்டேன். கிடைக்கவில்லை. இதையும் சேர்த்துத்தான் நான் உங்களிடம் சாட்சி சொல்கிறேன். கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று சொன்னால் அது பொய். கேட்க ஆள் இருக்கிறாள் என்பது மட்டும் நிஜம்.

இந்தக் கூட்டத்தில் நோயோடு வந்திருப்பவர்கள் இருப்பீர்கள். வீட்டில் சொல்ல முடியாத துன்பத்தோடு வந்திருப்பவர்கள் இருப்பீர்கள். எல்லாம் விதி, சும்மா படுத்துக்கொள் என்று சொல்பவர்கள் உங்களைச் சுற்றியும் நிற்பார்கள். படுக்காதீர்கள். எழுந்து உட்காருங்கள். டாக்டரிடம் ஓடுங்கள், தெரியாத மனிதனின் சட்டையைப் பிடித்து இழுங்கள், கதவைத் தட்டுங்கள். ஓடிக்கொண்டே அவளையும் கூப்பிடுங்கள். கும்பிட்டுக் கேட்க மனம் வந்தால் கும்பிட்டுக் கேளுங்கள். வராவிட்டால் அவள் முகத்தைப் பார்த்துச் சண்டை போடுங்கள். நம் சண்டைக்கெல்லாம் கோபித்துக்கொண்டு எழுந்து போகிறவள் இல்லை அவள்.